ரேடியோ கார் பந்தய மோட்டார்: சோதனையும் சீரமைப்பும்

ரேடியோ கட்டுப்பாட்டு கார் பந்தயங்களில் பயன்படும் சிறிய மின் மோட்டார்களின் சுழற்சி வேகம், முறுக்குவிசை, மின்னோட்டம், வெப்பநிலை ஆகியவற்றை அளந்து, பந்தய விதிகள் அனுமதிக்கும் எல்லைக்குள் அவற்றை மாற்றியமைக்கும் பணியே மோட்டார் சீரமைப்பு அல்லது டியூனிங் எனப்படுகிறது. கார் உண்மைக் காரின் பத்தில் ஒரு பங்கு அல்லது பன்னிரண்டில் ஒரு பங்கு அளவே இருக்கும். அதன் மோட்டார் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். ஆனால் அதைச் சோதிக்கத் தேவைப்படும் இயற்பியல், மேல்நிலைப் பள்ளிப் பாடத்தில் வரும் மின்காந்தவியலும் சுழற்சி இயக்கமும்தான்.

பெரும்பாலான பந்தய வகுப்புகளில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே தரத்து மோட்டாரையே பயன்படுத்த வேண்டும். எனவே வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது மிகச் சிறிய வேறுபாடுகள். அந்த வேறுபாடு உண்மையிலேயே மோட்டாரில் இருக்கிறதா, அல்லது அளந்த முறையில் இருக்கும் பிழையா என்பதைப் பிரித்தறிவதுதான் இத்துறையின் கடினமான பகுதி.

பந்தய வகுப்புகளும் மோட்டார் வகைகளும்

அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டு முதல் செயல்படும் ரோர் அமைப்பும், ஐரோப்பாவில் 1973இல் தோன்றிய எஃப்ரா அமைப்பும் இப்பந்தயங்களுக்கு விதி வகுக்கின்றன. உலக அளவில் இஃப்மார் கூட்டமைப்பு வாகையர் போட்டிகளை நடத்துகிறது. மின் மோட்டார் கார்களுக்கான அதன் உலகப் போட்டி 1982இல் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுக் கார்களுக்கு நடந்தது.

பத்தில் ஒரு பங்கு அளவுக் கார்களில் வழக்கமாக இருப்பது 540 என்ற அளவுப் பெயர் கொண்ட மோட்டார். இதன் உருளை உடலின் விட்டம் சுமார் 36 மில்லிமீட்டர். அச்சின் விட்டம் 3.175 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஜப்பானின் மபுச்சி நிறுவனத்தின் ஆர்எஸ்-540 மோட்டார் டாமியா கார் பெட்டிகளோடு சேர்ந்து உலகெங்கும் பரவியதால் இந்த அளவே நிலைத்தது. பிற்காலத்தில் வந்த பிரஷ் இல்லா மோட்டார்களும் அதே அளவில், அதே திருகுத் துளைகளோடு செய்யப்பட்டன. பழைய கார்களிலும் அவற்றைப் பொருத்த முடிந்ததற்கு இதுவே காரணம்.

மோட்டாரை வகைப்படுத்தும் எண், கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை. (இக்கட்டுரையில் 'சுற்று' என்பது சுருளில் கம்பி சுற்றப்பட்ட எண்ணிக்கையையும், 'சுழற்சி' என்பது அச்சு சுழல்வதையும் குறிக்கும்.) சுற்று குறைந்தால் வேகம் கூடும், மின்னோட்டமும் கூடும். பிரஷ் மோட்டார் காலத்தில் 27 சுற்று மோட்டாரே 'ஸ்டாக்' எனப்பட்ட எளிய வகுப்பின் அடையாளமாக இருந்தது. இப்போது அந்த இடத்தில் 17.5 சுற்றுப் பிரஷ் இல்லா மோட்டார் இருக்கிறது. 21.5, 13.5, 10.5 சுற்று வகுப்புகளும் உண்டு. அந்த அரைச் சுற்று எங்கிருந்து வந்தது என்று புதியவர்கள் கேட்பதுண்டு. கம்பி ஸ்டேட்டரின் ஒரு முனையில் நுழைந்து மறு முனையில் வெளியேறுவதால் கடைசிச் சுற்று பாதியில் நின்றுவிடுகிறது. வேறு மர்மம் எதுவும் இல்லை.

சுற்றுகளுக்கு வரம்பு இல்லாத 'மாடிஃபைடு' வகுப்பில் ஓட்டுநர்களிடம் தேவைக்கு மேலேயே ஆற்றல் இருக்கும். அங்கே சிக்கல் ஆற்றலை அடக்குவது. ஆற்றலைத் தேடி அலைவது ஸ்டாக் வகுப்பில்தான். ஆகவே சோதனையும் சீரமைப்பும் நுணுக்கமாக வளர்ந்த இடம், தொடக்கநிலை வகுப்பு என்று சொல்லப்பட்ட இதுவே.

பிரஷ் மோட்டார் காலம்

பிரஷ் மோட்டாரில் மூன்று முனை கொண்ட ஆர்மேச்சர் சுழலும். அதன் ஒரு முனையில் மூன்று செப்புத் துண்டுகளால் ஆன கம்யூட்டேட்டர் இருக்கும். பள்ளிப் பாடநூலில் பிளவு வளையம் என்று படிக்கும் அமைப்பின் விரிவு இது. இரண்டு கார்பன் பிரஷ்கள் சுருள்வில்லின் அழுத்தத்தால் அதன் மீது உரசிக்கொண்டே மின்சாரத்தைக் கடத்தும். ஒவ்வொரு முறை பிரஷ் ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போதும் சிறு தீப்பொறி எழும். சில ஓட்டங்களுக்குள் செப்புப் பரப்பு கருகி, மேடு பள்ளமாகி, வட்டம் கெட்டுவிடும்.

இதைச் சரிசெய்யக் கையடக்கக் கடைசல் எந்திரம் ஒன்று பயன்பட்டது. ஆர்மேச்சரை அதில் ஏற்றி, வைர முனை கொண்ட உளியால் செப்பின் மேற்பரப்பை மெல்லியதாகச் சீவி எடுப்பார்கள். பிறகு துண்டுகளுக்கு இடையிலுள்ள பிளவில் சிக்கிய செப்புத் துகளைச் சுத்தம் செய்து, புதிய பிரஷ்களைப் போடுவார்கள். புதிய பிரஷின் முகம் கம்யூட்டேட்டரின் வளைவோடு பொருந்த வேண்டும் என்பதற்காக மோட்டாரை 2 அல்லது 3 வோல்ட்டில் சுமையின்றிச் சில நிமிடங்கள் ஓடவிடுவது வழக்கம். தண்ணீர்க் கோப்பைக்குள் மோட்டாரை மூழ்க வைத்து ஓட்டும் முறையும் பரவலாக இருந்தது. தண்ணீர் பிரஷை விரைவாகத் தேய்த்துப் பொருத்தும். ஆனால் பேரிங்கை உடனே உலர்த்தி எண்ணெய் விடாவிட்டால் துரு பிடிக்கும்.

பிரஷின் கலவையில் வெள்ளி கூடினால் மின்தடை குறையும், கம்யூட்டேட்டர் விரைவில் தேயும். கடினமான சுருள்வில் பிரஷை நன்றாக அழுத்திப் பிடிக்கும், அதே நேரத்தில் உராய்வைக் கூட்டும். மென்மையான வில்லைப் போட்டால் மேசையில் வேகம் கூடியதாகக் காட்டும். கரடுமுரடான மண் தளத்தில் கார் குலுங்கும்போது பிரஷ் துள்ளித் தீப்பொறி பறக்கும். மேசையில் வென்ற மோட்டார் தளத்தில் தோற்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அமெரிக்காவின் மைக் ரீடி போன்றவர்கள் இக்கலையில் பெயர் பெற்றனர். அவர் கையால் சீரமைத்த மோட்டார்களோடு அசோசியேட்டட் நிறுவனத்தின் கார்கள் பெரிய போட்டிகளில் ஓடின. ரீடி என்ற பெயர் இன்றும் அந்நிறுவனத்தின் மோட்டார் வணிகப் பெயராக நிற்கிறது.

அக்காலத்தின் இன்னொரு கட்டாயம் பேட்டரி. 1980களில் பரவலாக இருந்த நிக்கல் காட்மியம் பேட்டரியின் கொள்ளளவு 1,200 மில்லி ஆம்பியர் மணி. அதாவது 1.2 ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம். இதையே 4 நிமிடப் பந்தயத்தில் செலவிட வேண்டுமானால், 60ஐ 4ஆல் வகுத்து 1.2ஆல் பெருக்க, சராசரி மின்னோட்டம் 18 ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது. போனால் கடைசிச் சுற்றுகளில் கார் ஊர்ந்து நின்றுவிடும். ஆகவே அன்று மோட்டாரின் பயனுறுதிறன், அதாவது உள்ளே போகும் மின்னாற்றலில் எத்தனை பங்கு சக்கரத்துக்கு வருகிறது என்பது, உச்ச வேகத்தைவிட முக்கியமாக இருந்தது. லித்தியம் பாலிமர் பேட்டரிகள் வந்தபின் ஆற்றல் பற்றாக்குறை நீங்கிவிட்டது. இப்போது எல்லையாக நிற்பது வெப்பம்.

மோட்டாரின் அடிப்படைக் கணக்கு

எந்த நிலைக்காந்த மோட்டாரும் சுழலத் தொடங்கியவுடன் ஒரு மின்னாக்கியாகவும் செயல்படுகிறது. அதில் தோன்றும் எதிர் மின்னியக்கு விசை, பேட்டரியின் மின்னழுத்தத்தை எதிர்க்கிறது. வேகம் கூடக்கூட எதிர்ப்பும் கூடுவதால் மின்னோட்டம் குறைகிறது. சுமை இல்லாதபோது மோட்டார் எட்டும் வேகத்தை மின்னழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது கேவி எண். ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி என்பதே அதன் பொருள்.

பலர் கவனிக்காமல் விடும் செய்தி ஒன்று உண்டு. கேவி எண்ணும் முறுக்குவிசையும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். 9.55 என்ற மாறிலியைக் கேவி எண்ணால் வகுத்தால், ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்குவிசை நியூட்டன் மீட்டரில் வரும். கேவி 2,400 என்றால் ஆம்பியருக்கு சுமார் 0.0040 நியூட்டன் மீட்டர். ஏதோ ஒரு வழியில் கேவியை 3,000ஆக உயர்த்தினால், அது சுமார் 0.0032ஆகக் குறைந்துவிடும். வேகத்தில் 25 விழுக்காடு கூடும்போது ஒவ்வொரு ஆம்பியரின் இழுவையும் 20 விழுக்காடு போய்விடுகிறது.

கணக்குக்காக ஒரு மோட்டாரை எடுத்துக்கொள்ளலாம். மின்னழுத்தம் 7.4 வோல்ட், கேவி 2,400, மோட்டார் முதல் பேட்டரி வரையிலான மொத்தத் தடை 0.05 ஓம், சுமையற்ற மின்னோட்டம் 4 ஆம்பியர் என்க. சுமையற்ற வேகம் நிமிடத்துக்கு 17,760 சுழற்சிகள். அச்சை அசையாமல் பிடித்தால் பாயும் மின்னோட்டம் 7.4ஐ 0.05ஆல் வகுத்தால் 148 ஆம்பியர். வெளிவரும் திறன் உச்சத்தை எட்டுவது ஏறக்குறைய பாதி வேகத்தில், அதாவது 74 ஆம்பியரில். அப்போது கிடைப்பது கிட்டத்தட்ட 270 வாட். அதே அளவு, இன்னொரு 270 வாட், வெப்பமாக வீணாகும். பயனுறுதிறன் உச்சம் அங்கே இல்லை. அது சுமையற்ற மின்னோட்டத்தையும் அசையா மின்னோட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும் இடத்தில், அதாவது சுமார் 24 ஆம்பியரில் இருக்கிறது. அங்கே பயனுறுதிறன் சுமார் 70 விழுக்காடு.

உச்சத் திறனும் உச்சப் பயனுறுதிறனும் வேறு வேறு வேகங்களில் அமைந்திருக்கின்றன. மோட்டாரைச் சீரமைப்பவரும் பற்சக்கரம் தேர்ந்தெடுப்பவரும் செய்வதெல்லாம், தளத்தில் கார் பெரும்பாலும் ஓடும் வேகப் பகுதியை இவ்விரண்டுக்கும் இடையே பொருத்தமான இடத்தில் நிறுத்துவதுதான்.

பிரஷ் இல்லா மோட்டாரும் டைமிங்கும்

2000களின் நடுப்பகுதியில் உணரி கொண்ட பிரஷ் இல்லா மோட்டார்கள் பந்தயங்களில் இடம்பிடிக்கத் தொடங்கின. இவற்றில் கம்பிச் சுருள் வெளியே ஸ்டேட்டரில் அசையாமல் இருக்கும். உள்ளே, சுமார் 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள நியோடிமியம் காந்த ரோட்டார் சுழலும். காந்தத்தின் நிலையை மூன்று ஹால் உணரிகள் கண்டு சொல்ல, வேகக் கட்டுப்படுத்தி அதற்கேற்ப மூன்று சுருள்களுக்கும் மாறிமாறி மின்சாரம் அனுப்பும். உரசும் பகுதி பேரிங் தவிர வேறில்லை. கடைசல் எந்திரம் தேவையற்றுப் போனது.

அதோடு டியூனிங் வேலையும் முடிந்துவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். நடந்தது அதுவல்ல. வேலை டைமிங் என்ற ஒற்றை இடத்தில் குவிந்துவிட்டது.

சுருள் என்பது தூண்டுமம் உடையது. அதற்குள் மின்னோட்டம் உடனே ஏறாது, உடனே திசை மாறாது. ரோட்டார் நிமிடத்துக்கு 20,000 முறை சுழன்றால் நொடிக்கு 333 முறை. ஒரு சுழற்சிக்கு 6 முறை மின்சாரம் மாற வேண்டும் என்பதால் நொடிக்கு 2,000 மாற்றங்கள். ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் அரை மில்லி நொடி. இவ்வளவு குறுகிய நேரத்தில் மின்னோட்டம் ஏறுவதற்குள் காந்தம் கடந்துபோய்விடுகிறது. ஆகவே காந்தம் வந்து சேருமுன்பே சுருளை முடுக்கிவிடுவது பயன் தரும். எத்தனை பாகை முன்கூட்டி என்பதே டைமிங். ஓடும் பேருந்தில் ஏற நினைப்பவர் அது தன் எதிரே வரும்வரை நிற்காமல் முன்பே ஓடத் தொடங்குவதைப் போன்றது இது.

பிரஷ் மோட்டாரில் பிரஷ் பொருத்திய பின்மூடியைத் திருப்பி டைமிங் மாற்றப்பட்டது. ரோர் விதிப்படி 27 சுற்று ஸ்டாக் மோட்டாரில் அது 24 பாகையில் பூட்டப்பட்டிருந்தது. பிரஷ் இல்லா மோட்டாரில் உணரிப் பலகையைத் திருப்புகிறார்கள். அதன் மூடியில் பாகைக் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். அந்தக் கோடுகளை முழுதாக நம்புவதற்கில்லை. ஒரு நிறுவன மோட்டாரில் 30 என்று காட்டும் இடமும் இன்னொன்றில் 30 என்று காட்டும் இடமும் ஒரே உண்மைக் கோணம் அல்ல. பலகையில் மூன்று உணரிகளும் சரியாக 120 பாகை இடைவெளியில் பற்றவைக்கப்படாமல் ஒரு பாகை, இரண்டு பாகை தள்ளி இருப்பதும் உண்டு.

வேகக் கட்டுப்படுத்தியும் தானாக மின்னணு முறையில் டைமிங்கைக் கூட்ட வல்லது. ஸ்டாக் வகுப்புகளில் பெரும்பாலும் இதற்குத் தடை. அந்த வசதியை அணைத்துவைத்தால் கருவியின் சிறு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். நடுவர் அதைப் பார்த்தே உறுதிசெய்வார். சிமிட்டுவதால் இம்முறைக்கு 'பிளிங்கி' என்றே பெயர் வந்துவிட்டது. மின்னணு உதவி இல்லாதபோது மோட்டாரின் மூடியில் திருகி வைக்கும் அந்த ஒரே கோணம், மெதுவான வளைவுக்கும் நீண்ட நேர்ப்பாதைக்கும் சேர்த்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

சோதனை மேசை

பெரும்பாலானோர் கையில் இருப்பது உள்ளங்கை அளவு மோட்டார் சோதனைக் கருவி. மோட்டாரின் மூன்று மின்கம்பிகளையும் உணரிக் கம்பியையும் அதில் இணைத்தால், சுமையின்றி ஓட்டி, வேகம், மின்னோட்டம், கேவி எண், ஒவ்வொரு உணரியின் உண்மை டைமிங் ஆகியவற்றைக் காட்டும். மூடியைச் சற்றே திருப்பி மீண்டும் அளந்து, குறித்துக்கொண்டே போகலாம். தொடக்கத்தில் ஒவ்வொரு 5 பாகைக்கும் வேகம் நன்றாக ஏறும். ஒரு கட்டத்துக்குப் பின் வேகம் சிறிதே கூட, மின்னோட்டம் மட்டும் விரைவாக ஏறும். அனுபவமுள்ளவர்கள் அச்சிட்ட கோட்டைப் பார்க்காமல் இந்த மின்னோட்ட ஏற்றத்தைப் பார்த்தே நிறுத்துகிறார்கள்.

இக்கருவி சொல்வது சுமையற்ற நிலையை மட்டும்தான். காந்தம் வலுவிழந்த ரோட்டாரைப் போட்டாலும் எதிர் மின்னியக்கு விசை குறைந்து வேகம் கூடியதாகத்தான் காட்டும். அதை மகிழ்ச்சியோடு காரில் பொருத்துபவர், வளைவிலிருந்து வெளியேறும்போது கார் மந்தமாக இழுப்பதைக் கண்டு திகைப்பார். ஆகவே ரோட்டாரின் காந்த வலுவைத் தனியே காஸ் அளவியால் பார்த்துக்கொள்வது நல்லது.

சுமையோடு அளக்க டைனமோமீட்டர் வேண்டும். சுருக்கமாக டைனோ. பழைய வகையில் சோதிக்கப்படும் மோட்டார் இன்னொரு மோட்டாரை மின்னாக்கியாகச் சுழற்றும். அந்த மின்னாக்கியின் சுமையைப் படிப்படியாகக் கூட்டி, குறிப்பிட்ட ஆம்பியர்களில் வேகத்தைக் குறிப்பார்கள். பிற்கால வகையில் மோட்டார் ஒரு கனமான சக்கரத்தை நிலையிலிருந்து முழு வேகத்துக்கு முடுக்கும். கணினி அந்தச் சக்கரத்தின் வேகத்தை நொடிக்குப் பலமுறை பதிவுசெய்யும்.

இரண்டாம் வகையின் கணக்கு எளிது. அரைக் கிலோ எடையும் 5 சென்டிமீட்டர் ஆரமும் உள்ள இரும்பு வட்டின் நிலைமத் திருப்புத்திறன், நிறை பெருக்கல் ஆர வர்க்கத்தில் பாதி, அதாவது 0.000625 கிலோகிராம் மீட்டர் வர்க்கம். வட்டு நிமிடத்துக்கு 10,000 சுழற்சியிலிருந்து 11,000க்கு அரை நொடியில் போனால், கோண முடுக்கம் சுமார் 209 ரேடியன் என நொடி வர்க்கத்துக்கு வரும். இரண்டையும் பெருக்கினால் முறுக்குவிசை 0.131 நியூட்டன் மீட்டர். அப்போதைய சராசரிக் கோணவேகமான 1,100 ரேடியனால் பெருக்கினால் திறன் சுமார் 144 வாட். ஒரே ஓட்டத்தில் எல்லா வேகத்துக்கும் இப்படிக் கணித்து வரைபடமாகத் தந்துவிடலாம்.

இனி பிழை பற்றி. 'அ' என்ற மோட்டார் 144 வாட், 'ஆ' என்ற மோட்டார் 146 வாட் காட்டியது என்றால் 'ஆ' சிறந்ததா? அதே 'அ' மோட்டாரை ஐந்து முறை ஓட்டிப் பார்த்தால் 142 முதல் 147 வரை வருமானால், அந்த 2 வாட் வேறுபாட்டுக்குப் பொருளே இல்லை. உச்சத் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 7.4 வோல்ட்டுக்குப் பதில் 7.5 வோல்ட் இருந்தால் மட்டுமே திறனில் ஏறக்குறைய 2.7 விழுக்காடு மாறும். அது 144 வாட்டில் கிட்டத்தட்ட 4 வாட். ஒரு மோட்டாரை முழு மின்னேற்றத்திலும் இன்னொன்றைப் பாதியிலும் சோதித்துவிட்டு இரண்டையும் ஒப்பிடுபவர் அளந்தது பேட்டரியைத்தான். ஆய்வகத்தில் ஒரே அளவீட்டைப் பலமுறை எடுத்துச் சராசரி காணச் சொல்வதன் பயன், அட்டவணையை நிரப்புவதில் இல்லை. அளவீடு எவ்வளவு தள்ளாடுகிறது என்பது அதில்தான் தெரியும்.

வெப்பம்

செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் உயர்வுக்கும் சுமார் 0.39 விழுக்காடு கூடுகிறது. 25 டிகிரியில் இருந்த சுருள் 75 டிகிரிக்குப் போனால் அதன் தடை கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். நியோடிமியம் காந்தமும் டிகிரிக்கு 0.1 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாக வலுவிழக்கும். குளிர்ந்தால் இது திரும்பிவிடும். ஆனால் காந்தத்தின் தரத்துக்குரிய எல்லையைத் தாண்டினால் இழப்பு நிரந்தரம். சாதாரணத் தரக் காந்தங்களுக்கு அந்த எல்லை 80 டிகிரி அளவிலேயே இருக்கும். உயர் வெப்பத் தரங்கள் 150 டிகிரியும் அதற்கு மேலும் தாங்கும்.

இதில் ஒரு தீய சுழல் உண்டு. காந்தம் வலுவிழந்தால் அதே முறுக்குவிசைக்கு அதிக மின்னோட்டம் வேண்டும். அதிக மின்னோட்டம் அதிக வெப்பம் தரும். அந்த வெப்பம் காந்தத்தை மேலும் வலுவிழக்கச் செய்யும். பந்தயத்தின் முதல் நிமிடத்தில் பறந்த கார் ஐந்தாம் நிமிடத்தில் சோர்ந்துபோவதற்கு ஓட்டுநரின் களைப்பு மட்டும் காரணம் அல்ல. ஓட்டம் முடிந்தவுடன், சில நொடிகளுக்குள், அகச்சிவப்பு வெப்பமானியால் மோட்டாரின் உடலைப் பார்ப்பது வழக்கம். உள்ளே சுருள் அதைவிடச் சூடாக இருக்கும் என்பதால் பலர் 70 முதல் 80 டிகிரிக்குள் வைத்துக்கொள்கிறார்கள். மேசையிலும் இதே விதிதான். குளிர்ந்த மோட்டாரோடு சூடான மோட்டாரை ஒப்பிடக் கூடாது.

பற்சக்கர விகிதம்

டைமிங்கைத் தொட்டால் பற்சக்கரத்தையும் தொட வேண்டும். இரண்டும் பிரிக்க முடியாதவை. மோட்டார் அச்சில் பினியன் என்ற சிறு பற்சக்கரம், அதனோடு பொருந்தும் ஸ்பர் என்ற பெரிய பற்சக்கரம், அதற்கப்பால் காருக்குள் அமைந்த நிலையான விகிதம். 96 பல் ஸ்பர், 48 பல் பினியன், உள் விகிதம் 1.9 என்றால் மொத்த விகிதம் 3.8. சக்கரம் ஒருமுறை சுழல மோட்டார் 3.8 முறை சுழல வேண்டும்.

டயரின் விட்டம் 63 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு சுமார் 198 மில்லிமீட்டர். அதை 3.8ஆல் வகுத்தால், மோட்டாரின் ஒரு சுழற்சிக்குக் கார் 52 மில்லிமீட்டர் நகர்கிறது. மோட்டார் 20,000 சுழற்சியில் இருந்தால் கார் நிமிடத்துக்கு 1,040 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 62 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுக் கார்களில் ரப்பர் நுரை டயர் தேயத் தேய விட்டம் குறையும் என்பதால், விகிதத்தைச் சொல்லாமல் இந்த நகர்வு அளவையே சொல்வது வழக்கமாகிவிட்டது.

டைமிங்கைக் கூட்டி வேகத்தைப் பெருக்கியவர், இழந்த முறுக்குவிசையை மீட்கப் பினியனில் ஒன்றிரண்டு பல் குறைப்பார். குறைத்ததும் கூடிய வேகத்தில் ஒரு பகுதி போய்விடும். மிஞ்சுவது எவ்வளவு என்பது தளத்தைப் பொறுத்தது. நீண்ட நேர்ப்பாதை உள்ள தளத்தில் மிஞ்சக்கூடும். நெருக்கமான வளைவுகள் நிறைந்த உள்ளரங்கத் தளத்தில் ஒன்றும் மிஞ்சாமல் மோட்டார் மட்டும் சூடாகலாம்.

தளத்தில் சோதனை

காரில் பொருத்திய சிறு அலைபரப்பி, கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் நேரத்தை ஆயிரத்தில் ஒரு நொடி வரை பதிவுசெய்கிறது. இவ்வளவு துல்லியம் கிடைத்தாலும் முடிவு எடுப்பது எளிதல்ல. காலையில் வழுக்கும் தளம், கார்கள் ஓடஓட ரப்பர் படிந்து மதியம் நன்றாகப் பிடிக்கும். டயர் முதல் ஓட்டத்தில் ஒருவிதமாகவும் நான்காம் ஓட்டத்தில் வேறுவிதமாகவும் இருக்கும். காலையில் பழைய டைமிங், மதியம் புதிய டைமிங் என்று ஓட்டிவிட்டு, நேரம் குறைந்தது என்று சொன்னால் அது தளத்தின் புகழை டைமிங்குக்குக் கொடுப்பதாகும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்பது முதல் ஒழுங்கு. பழையது, புதியது, புதியது, பழையது என்ற வரிசையில் நான்கு ஓட்டங்கள் ஓட்டுவது அடுத்தது. தளம் சீராக மாறிக்கொண்டிருந்தால் இவ்வரிசை அம்மாற்றத்தை இருபக்கமும் சமமாகப் பங்கிட்டுவிடும். ஒரே ஒரு மிகச் சிறந்த சுற்றைப் பிடித்துக்கொள்ளாமல், தவறு நேராத சுற்றுகளின் சராசரியையும், கடைசி நிமிடத்தின் சராசரியையும் தனித்தனியே பார்த்தால் வெப்பத்தின் விளைவும் வெளிப்படும். குறிப்பேட்டில் டைமிங், பினியன் பல், தொடக்க மின்னழுத்தம், முடிவு வெப்பநிலை ஆகிய நான்கையும் எழுதி வைப்பவருக்கு அடுத்த முறை அதே தளத்தில் பாதி வேலை குறைவு.

செலவும் நியாயமும்

ஸ்டாக் வகுப்பு குறைந்த செலவில் ஓட்ட விரும்புவோருக்காக உருவானது. ஆனால் ஒரே வகை மோட்டார் என்பதாலேயே, ஒரே பெட்டியில் வந்த மோட்டார்களுக்குள் இருக்கும் சிறு உற்பத்தி வேறுபாடும் விலை பெற்றுவிட்டது. பத்து மோட்டார் வாங்கி, டைனோவில் ஏற்றிச் சிறந்ததை வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்றுவிடுவோர் உண்டு. டைனோ வரைபடத்தோடு கூடுதல் விலைக்கு விற்கும் கடைகளும் உண்டு. பிரஷ் காலத்தில் கடைசல் எந்திரம், பிரஷ் பெட்டிகள், காந்தத்தை மீண்டும் ஊட்டும் கருவி என்று செலவு வேறு வடிவில் இருந்தது. மாதம் ஒருமுறை வந்து ஓட்டும் பள்ளி மாணவனுக்கு இவையெல்லாம் எட்டாதவை. தொடக்கநிலை வகுப்பிலேயே தொடர்ந்து தோற்பவர் பொழுதுபோக்கையே விட்டுவிடுவார் என்பதால், சங்கங்களுக்கு இது வெறும் தொழில்நுட்பச் சிக்கல் அல்ல.

இதற்கு இரண்டு வகையில் தீர்வு தேடப்பட்டது. ஒன்று, போட்டி நாளன்று அமைப்பாளரே மோட்டாரை வழங்கி, முடிந்ததும் திரும்பப் பெறுவது. வழங்கப்பட்டதைத் திறக்கவோ டைமிங்கை மாற்றவோ கூடாது. சில வகுப்புகளில் பற்சக்கர விகிதமும் நிலையாக வைக்கப்படுகிறது. இம்முறையில் மோட்டார்கள் முழுதும் சமமாகிவிடுவதில்லை. ஆனால் நல்ல மோட்டார் பணத்தால் வராமல் குலுக்கலால் வருகிறது.

மற்றொன்று அளவீட்டின் வழியே எல்லை வகுப்பது. அனுமதிக்கப்பட்ட மோட்டார்களின் பட்டியல் வெளியிடப்படும். பந்தயத்துக்குப் பின் ஆய்வு மேசையில் ரோட்டாரின் விட்டமும் ஸ்டேட்டர் சுருளின் மின்தடையும் சரிபார்க்கப்படும். தடை குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருந்தால் அது தகுதியற்றது. 13.5, 17.5 சுற்று மோட்டார்களில் இத்தடை பத்து முதல் இருபது மில்லி ஓம் வரைதான். சாதாரணப் பன்முக அளவியின் கம்பிகளுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு என்பதால், மின்னோட்டத்தை ஒரு இணைக் கம்பியில் செலுத்தி, மின்னழுத்தத்தை வேறொரு இணைக் கம்பியில் அளக்கும் நான்கு முனைக் கருவியே இதற்குப் பயன்படுகிறது. ஓடி முடித்த மோட்டார் சூடாக இருக்கும்போது தடை கூடுதலாகக் காட்டும் என்பதால், ஐயத்துக்கு இடமான மோட்டாரை அறை வெப்பநிலைக்கு ஆறவிட்டு மீண்டும் அளக்கிறார்கள்.